கானல் நீரும் கொடைக்கானல் எஃப்.எம்.மும்

"மதுரையிலிருந்து ராமநாதபுரம் வரை காரில் கொடைக்கானல் எஃப்.எம். 100.5 கேட்டுக்கொண்டே போகிறோம். பூமி உருண்டைதானே, மறைக்காதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

மறைக்கும். எஃப்.எம். அலை, வானில் வெகு உயரே மின்னூட்டம் பெற்ற அடுக்கான அயனி மண்டலத்தில் பட்டு வழக்கமாகத் திரும்புவதில்லை. ஏறக்குறைய நேர்க்கோட்டில்தான் வரும். சமவெளிக்கு மேலே 2000 மீட்டர் உயரத்தில் நிற்கும் கோபுரத்துக்கு அடிவானம் சுமார் 160 கிலோமீட்டர். பரமக்குடி அதற்குள் அடங்கிவிடும். ராமநாதபுரம் ஏறத்தாழ 175 கிலோமீட்டர், கணக்குப்படி வெளியே. ஆனால் வானொலிக்கு அடிவானம் 185 வரை நீள்கிறது. அந்த உபரி 25 கிலோமீட்டர் காற்றின் உபயம்; எனக்கு அலுக்காத விஷயம் அதுதான்.

மாசி வீதி முனையில் சித்திரைத் தேரைப் பாருங்கள். ஒரு பக்கத்து வடம் முந்தினால் தேர் மறுபக்கம் திரும்பும். அலையின் முன்விளிம்பான அலைமுகப்பும் அப்படித்தான். தரையருகே அடர்ந்த காற்றில் அலை பத்தாயிரத்தில் மூன்று பங்கு தாமதமாகப் போகும். உயரே காற்று மெலிவதால் தாமதம் குறைவு. ஆக மேல்பக்கம் முந்த, அலை கீழே சாய்ந்து பூமியின் வளைவைக் கொஞ்சம் பின்தொடர்கிறது.

ஒளியும் வளையும், ஆனால் குறைவாக. வித்தியாசம் காற்றின் ஈரத்தில் இருக்கிறது. நீர் மூலக்கூறின் ஒரு பக்கம் நேர் மின்னூட்டம், மறுபக்கம் எதிர். வானொலி அலை துடிக்கத் துடிக்க அதுவும் கூடவே புரண்டு அலையைத் தாமதப்படுத்தும். ஒளி துடிப்பதோ நொடிக்குச் சுமார் 500 லட்சம் கோடி முறை. அந்த வேகத்துக்குப் புரள மூலக்கூறால் முடியாது.

சரி, அதே சாலையில் கத்திரி வெயில் அடிக்கட்டும். தார் கொதித்து, அதை ஒட்டிய காற்று மெலிந்துவிடும். இப்போது முந்துவது கீழ்ப்பக்கம். வானத்திலிருந்து சாலையை நோக்கி இறங்கிய ஒளி மேலே வளைந்து கண்ணுக்கு வர, தூரத்தில் தண்ணீர் தேங்கியதுபோல் தெரிகிறது. காரில் ஓடும் எஃப்.எம்.முக்கு இதனால் ஒன்றும் ஆகாது. கொதிக்கும் படலத்தின் தடிமன் சில அங்குலம், எஃப்.எம். அலைநீளம் 3 மீட்டர்.

மார்கழி விடியலில் நிலைமை தலைகீழ். தரை குளிர்ந்து, மேலே வெதுவெதுப்பான காற்று நிற்கும். கீழே காற்று இன்னும் அடர்ந்திருப்பதால் அலை கூடுதலாகக் கீழே சாயும். அந்த வளைவு பூமியின் வளைவை மிஞ்சினால், அலை தரைக்கும் வெதுவெதுப்பான காற்றுக்கும் நடுவே சிக்கிப் பல நூறு கிலோமீட்டர் ஓடும். எங்கோ இருக்கும் நிலையத்தின் பாட்டு உங்கள் ரேடியோவில் நுழைவது அப்போதுதான். காற்று பலமாக வீசினால் இந்த அடுக்கு கலைந்துவிடும்.

இதை ஆராயப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு கம்பத்தில் வெவ்வேறு உயரத்தில் வெப்பமானி, ஈரப்பதமானி, அடியில் ஒரு ரேடியோ போதும். செயற்கைக்கோளுக்குக் கோடிகள் ஒதுக்குபவர்கள் மதுரைக் கல்லூரிகளின் இயற்பியல் துறைகளுக்கு இந்தச் சில்லறையைத் தரலாம்.