ஓர் உகரம் காட்டிக்கொடுக்கும் வரலாறு

வெனிஸ் குடியரசின் தலைவருக்கு 'டோஜெ' என்று பெயர். சிற்றரசுகளை ஆண்ட கோமகன் 'டூக்கா'. 1922இல் ஆட்சியைப் பிடித்த முசோலினி சூடிக்கொண்ட பட்டம் 'டூச்செ'. இத்தாலிய அரசியலின் இந்த மூன்று சொற்களும் 'டுக்ஸ்' என்ற ஒரே இலத்தீன் சொல்லின் வழிவந்தவை. நடத்திச் செல்லுதலைக் குறிக்கும் வினையோடு உறவுடைய அச்சொல் வழிகாட்டியையும் படைத்தலைவனையும் குறித்தது.

இலத்தீன் பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் இரண்டாம் வேற்றுமை வடிவிலிருந்தே இத்தாலியத்துக்கு வந்தன. டுக்ஸ் என்பதற்கு அவ்வடிவம் 'டுக்கெம்'. அழுத்தம் பெற்ற குறில் உகரம் மக்கள் பேச்சில் ஒகரமானது. எகரத்துக்கு முன் நின்ற ககரம் சகரமானது. சிலுவையைக் குறித்த 'குருக்கெம்' என்பது 'குரோச்செ' ஆனதும், கொட்டையைக் குறித்த 'நுக்கெம்' என்பது 'நோச்செ' ஆனதும் இவ்விதிப்படியே. பேச்சுத் தமிழில் குடை 'கொடை' ஆவதைக் கேட்டு வளர்ந்த நமக்கு, காரணங்கள் வேறானாலும், இம்மாற்றம் அயலானதன்று. ஆகவே டுக்கெம் என்பது மக்கள் நாவிலேயே வாழ்ந்திருந்தால் இத்தாலியத்தில் 'டோச்செ' என்றே ஆகியிருக்க வேண்டும்.

அந்த ஒகரம் வெனிஸில் கிடைக்கிறது. கிரேக்க மொழி வழங்கிய கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியப் பேரரசின் கீழ் டுக்ஸ் எனப்பட்ட அதிகாரியின் பதவி அங்கே குடியரசுத் தலைமையாக வளர்ந்து, 1797இல் கடைசி டோஜெயான லுடோவிக்கோ மானின் விலகும்வரை நீடித்தது. பதவி அறாததால் சொல்லும் நாவிலிருந்து நீங்கவில்லை. வட இத்தாலியப் பேச்சில் உயிர்களுக்கு இடைப்பட்ட வல்லொலிகள் மென்மையடையும். 'காகம்' என்பதன் இரண்டாம் ககரத்தை நாம் மென்மையாக ஒலிப்பதைப் போன்றது இது. அவ்வழியில் வெனிஸ் மக்களிடம் மென்மையடைந்த சொல்லே பொது இத்தாலியத்தில் டோஜெ என வழங்குகிறது.

டூக்கா சுற்றிவந்த சொல். கிரேக்கர்கள் இலத்தீனிடம் கடன் வாங்கிய வடிவம், பைசாந்தியர் இத்தாலியின் பகுதிகளை ஆண்ட காலத்தில் அங்கேயே திரும்பி வந்தது. ஆண்பாற் சொல்லாக இருந்தும் அது ஆகாரத்தில் முடிவதற்குக் கிரேக்க வேற்றுமை உருபே காரணம்.

டூச்செ என்பதிலோ உகரம் ஒகரமாகவே இல்லை. எனவே அது தலைமுறை தலைமுறையாகப் பேசித் தேய்ந்த சொல்லன்று. கற்றோர் இலத்தீன் நூல்களிலிருந்து நேரே எடுத்த சொல். அதில் ககரம் சகரமாக ஒலிப்பதும், இத்தாலியர் இலத்தீனை அப்படி வாசிக்கும் வழக்கத்தால்தான். பண்டை ரோமின் வாரிசாகத் தன்னைக் காட்டிக்கொண்ட ஆட்சியின் தலைவருக்கு வாய்த்த பட்டத்தில், ரோமுக்கும் அவருக்கும் இடைப்பட்ட நூற்றாண்டுகளில் மக்கள் பேச்சு அடைந்த அந்த உயிர்மாற்றத்தின் தடம் இல்லை.