மாலையில் மூன்று மணி நேரம் படித்தும் ஏன் மனதில் நிற்பதில்லை?

"தினமும் சாயங்காலம் மூணு மணி நேரம் உட்கார்ந்து படிக்கிறான். ஆனா பரீட்சையில ஒண்ணும் வரமாட்டேங்குது." பள்ளி ஆலோசகராக வேலை பார்க்கும் எனக்குப் பெற்றோரிடமிருந்து அதிகம் வரும் புகார் இதுதான். பிள்ளைகள் இதையே வேறு மாதிரி சொல்வார்கள்: "படிக்கும்போது எல்லாம் தெரியுது மிஸ், எழுதும்போதுதான் மறந்துபோகுது." இரு தரப்பும் சொல்வது உண்மைதான். பிள்ளை மூன்று மணி நேரம் உட்கார்ந்தது நிஜம். அந்த நேரத்தில் என்ன செய்தான் என்பதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

ஒருமுறை ஒரு மாணவி தன் உயிரியல் நோட்டுடன் வந்தாள். ஒளிச்சேர்க்கைப் பாடம். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் மார்க்கர். கோடு போடாத வரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். "நாலு தடவை படிச்சிட்டேன்" என்றாள். நோட்டை மூடி என் பக்கம் வைத்துக்கொண்டு, ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, நினைவில் இருப்பதை எழுதச் சொன்னேன். 'பச்சையம்' என்று எழுதினாள். 'சூரிய ஒளி' என்று எழுதினாள். அதோடு பேனா நின்றுவிட்டது. "சரி, கார்பன் டை ஆக்சைடு இலைக்குள்ளே எந்த வழியா போகுது?" என்று கேட்டேன். "அது வந்து..." என்று இழுத்தபடியே நோட்டை எடுக்கக் கை நீட்டினாள். கொடுக்கவில்லை. யோசித்துப் பார் என்று விட்டுவிட்டேன். நெற்றியைச் சுருக்கி, பேனா மூடியைக் கடித்து, கொஞ்ச நேரம் கழித்து "இலைத்துளை!" என்றாள். மஞ்சள் கோட்டின் மேல் நாலு தடவை கண்ணை ஓட்டியதைவிட, அந்தக் கொஞ்ச நேரத் தவிப்பில்தான் அவள் உண்மையாகப் படித்தாள் என்று நான் நினைக்கிறேன்.

இது என் அனுபவம் மட்டுமல்ல. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்கள் சிறு கட்டுரைகளைப் படித்தார்கள். சில கட்டுரைகளைத் திரும்பவும் ஒருமுறை படித்தார்கள். வேறு சிலவற்றைப் பார்க்காமல், நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பப் படித்ததுதான் கூடுதலாக நினைவில் இருந்தது: 81 சதவீதம், எழுதிப் பார்த்தது 75. ஒரு வாரம் கழித்துக் கணக்கு மாறிவிட்டது. திரும்பப் படித்ததில் 42 சதவீதம்தான் மிஞ்சியது, எழுதிப் பார்த்ததில் 56. இரவில் நோட்டை மூடும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பதும், அடுத்த வாரத் தேர்வில் கைவிட்டுப் போவதும் இதனால்தான். கண்ணுக்குப் பழகிய வரியை மூளை 'இது தெரியும்' என்று கணக்கு வைத்துக்கொள்கிறது. 2013-ல் டன்லாஸ்கி குழுவினர் பத்துப் படிப்பு முறைகளை அலசியபோதும், கோடு போடுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் கீழே போயின. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், நாள் இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே வந்தன.

அதனால் என்னிடம் வரும் பிள்ளைகளின் மாலைப் படிப்பில் நான் முதலில் மாற்றுவது நேரத்தை அல்ல. ஒரு பாடத்துக்கு 40 நிமிடம் ஒதுக்கினால், 20 நிமிடம் படி. அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு 15 நிமிடம் எழுது, அல்லது வாய்விட்டுச் சொல். கடைசி ஐந்து நிமிடத்தில் புத்தகத்தைத் திறந்து, எது விட்டுப்போனது என்று வேறு நிற மையில் சேர்த்துக்கொள். அந்த வேறு நிற வரிகள்தான் மறுநாள் மாலையின் முதல் வேலை. புதுப் பாடத்தைத் தொடுவதற்கு முன் நேற்றைய தாளைப் பார்க்காமல் மறுபடி சொல்லிப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் இது பிள்ளைகளுக்குப் பிடிக்காது. 'எனக்கு ஒண்ணுமே தெரியல' என்று தோன்றும். அந்த எண்ணம் இரவு வீட்டில் வந்தால் நல்லது. தேர்வு அறையில் வந்தால் செய்வதற்கு எதுவுமில்லை.

கணக்குக்கு இன்னொன்று சேர்க்க வேண்டும். ஒரே வகைக் கணக்கை வரிசையாகப் பத்துப் போட்டால் கை ஓடும், மனம் சும்மா இருக்கும். எந்தச் சூத்திரம் என்று தேர்ந்தெடுக்கும் வேலையே அங்கே இல்லை. ரோரர், டெய்லர் இருவரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், கன அளவு கணக்குகளை ஒரு வகையை முடித்துவிட்டு அடுத்த வகை என்று போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள். கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முதல் கூட்டத்துக்கு 20 சதவீதம், கலந்து போட்டவர்களுக்கு 63. எனவே இன்றைய பயிற்சியோடு போன வாரக் கணக்கு இரண்டு, போன மாதக் கணக்கு ஒன்று என்று கலந்து போடச் சொல்லுங்கள்.

சரி, எப்போது தொடங்குவது? 'சாயங்காலம் படிப்பேன்' என்பது திட்டமே இல்லை. பகல் முழுக்க வகுப்பில் இருந்துவிட்டு வரும் பிள்ளைக்கு மாலையில் முடிவெடுக்கத் தெம்பு இருக்காது. எந்தப் பாடம், எந்தப் பக்கம், எங்கே உட்காருவது என்று ஒவ்வொன்றையும் அந்த நேரத்தில் யோசித்தால் அரை மணி நேரம் அதிலேயே போய்விடும். முந்தின இரவே ஒரு வரி எழுதி மேசையில் வைத்துவிடுவது நல்லது: 'குளித்து முடித்ததும், ஜன்னல் பக்க மேசையில், இயற்பியல் மூன்றாம் பாடம், பக்கம் 47.' ஒரு செயல் முடிந்ததும் இன்னொன்று என்று இப்படிக் கோத்து வைத்த திட்டங்கள் நிறைவேறும் வாய்ப்பு அதிகம் என்று உளவியலாளர் கோல்விட்சர் 1990-களிலேயே காட்டியிருக்கிறார். கடிகார நேரத்தைவிட, தினமும் தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு படிப்பைச் சேர்த்து வைப்பது பல பிள்ளைகளுக்குக் கைகொடுப்பதைப் பார்க்கிறேன். வீட்டுக்கு வரும் நேரம் நாளுக்கு நாள் மாறலாம், குளிப்பது மாறாது.

எதை முதலில் எடுப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பெரும்பாலான வீடுகளில் வீட்டுப்பாடத்தை முதலில் முடிக்கச் சொல்கிறார்கள். பார்த்து எழுதும் வேலைக்குத் தெளிவான முதல் மணி நேரத்தைக் கொடுத்துவிட்டு, புரியாத பாடத்தைக் கண் சொருகும் நேரத்துக்குத் தள்ளுவது வீண். கடினமான ஒரு 40 நிமிடத்தை முன்னால் வையுங்கள். பார்த்து எழுதுவது, வரைபடம், நாளைய பையை அடுக்குவது எல்லாம் பின்னால் போகட்டும். போன் அந்த நேரத்தில் வேறு அறையில் இருக்க வேண்டும். கவிழ்த்து வைத்தால் போதாது.

பழக்கமாக எத்தனை நாள் ஆகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். 21 நாள் என்று பரவலாகச் சொல்வதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. லண்டனில் லாலி குழுவினர் நடத்தி 2010-ல் வெளியான ஆய்வில், புதிய பழக்கம் தன்னால் நடக்கும் நிலைக்கு வர 18 நாள் முதல் 254 நாள் வரை ஆளுக்கு ஆள் மாறியது. நடுவான அளவு 66 நாள். இன்னொன்றும் அதில் தெரிந்தது: இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் கெட்டுவிடவில்லை. காய்ச்சலோ விருந்தாளியோ வந்து ஒரு மாலை போய்விட்டால், மறுநாள் இரட்டிப்பாகப் படிக்க வைத்துத் தண்டிக்காதீர்கள். வழக்கமான அளவே போதும்.

தொடங்கும் நேரத்தைப் போலவே முடிக்கும் நேரத்தையும் குறித்து வையுங்கள். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி. பகலில் படித்ததை மூளை நிலைப்படுத்திக்கொள்ளும் வேலையில் தூக்கத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. பருவ வயதில், தூக்கம் வர உதவும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கும் நேரமே தள்ளிப்போவதால் அவர்களுக்குத் தூக்கம் தாமதமாகத்தான் வரும். இதைச் சோம்பல் என்று திட்டுவதில் நியாயமில்லை. ஆனால் பள்ளி தொடங்கும் நேரம் தள்ளிப்போவதில்லையே! அதனால் படுக்கும் நேரத்தைப் பெரியவர்கள்தான் காக்க வேண்டும். விழித்திருக்கக் காபி கொடுப்பது வேண்டாம். காஃபின் உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். இரவு எட்டு மணிக் காபி நள்ளிரவிலும் வேலை செய்துகொண்டிருக்கும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "படிச்சியா?" என்று கேட்டால் "படிச்சேன்" என்று பதில் வரும், அதோடு பேச்சு முடிந்துவிடும். "இன்னிக்கு படிச்சதுல ஒண்ணு எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். பாடம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது, பிள்ளை முழுதாக விளக்க வேண்டிவரும். தப்பாகச் சொன்னால் அங்கேயே பிடித்துக் கேள்வி மேல் கேள்வி போட்டு வாயை அடைத்துவிடாதீர்கள்.

இதையெல்லாம் சில வாரம் செய்து பார்த்தும் பிள்ளை புத்தகத்தைத் திறந்தாலே தலைவலி என்கிறதா? வரியைத் தவறவிட்டுத் தவறவிட்டுப் படிக்கிறதா? எழுத்துகளைக் குழப்பிக்கொள்கிறதா? பத்து நிமிடம்கூட ஓரிடத்தில் இருக்க முடியவில்லையா? அப்போது படிப்பு முறையை இன்னும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். பிறகு டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடோ கவனக் குறைவுப் பிரச்சினையோ உண்டா என்று குழந்தைகள் நல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ கேளுங்கள். போகும்போது பிள்ளையின் நோட்டுகள் ஒன்றிரண்டையும், பார்க்காமல் எழுதிய தாள்கள் சிலவற்றையும் எடுத்துப் போங்கள். மதிப்பெண் அட்டையைவிட அவை அவர்களுக்கு அதிகம் உதவும்.