ரத்தத்தில் மருந்தெதிர்ப்புக் கிருமி: எந்த நொதி என்பதுதான் கேள்வி

ஐசியுவில் இருப்பவருக்குத் திடீரென நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து ரத்த அழுத்தமும் இறங்கினால், முதல் சந்தேகங்களில் ஒன்று கழுத்துச் சிரையில் போட்டிருக்கும் சென்ட்ரல் லைன் என்ற மருந்தேற்றும் குழாயின் மேல் விழும். தோலில் இருக்கும் கிருமி குழாயின் வெளிப்புறமாக ஊர்ந்து உள்ளே போகும். மருந்து ஏற்றும் இணைப்பு முனையைச் சரியாகத் துடைக்காவிட்டால் உட்புறமாகவும் நுழையும். குழாய்ச் சுவரில் ஒட்டி, கிருமிகள் கூட்டமாக ஒளியும் பசைபோன்ற உயிர்ப்படலத்தைக் கட்டிவிட்டால், மிதக்கும் கிருமியைக் கொல்லும் மருந்தளவு அதற்குப் போதாது. பெரும்பாலும் குழாயை எடுத்தே ஆக வேண்டும்.

உறுதிப்படுத்துவது, ரத்தத்தைப் பாட்டிலில் விட்டுக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர். இதில் அதிகம் கெடுவது ரத்தத்தின் அளவில்தான். பெரியவர்களின் ரத்தத்தில் பல நேரம் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு கிருமிகூடத் தேறாது. பாட்டிலில் 3 மில்லி விட்டால் கிருமி சிக்காமலே போகலாம். ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி, ஒரு செட்டுக்கு இரண்டு பாட்டில், வெவ்வேறு இடங்களிலிருந்து குறைந்தது இரண்டு செட் தேவை. எல்லாம் முதல் ஆன்டிபயாடிக் ஏறுவதற்கு முன்பே. அதற்காக, ரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலையில் (ஷாக்) இருப்பவருக்கு மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. குளோர்ஹெக்சிடின் கலந்த ஆல்கஹால் தோலில் காய அரை நிமிடமாவது விட வேண்டும். பாட்டில் மூடிக்கு அடியிலுள்ள ரப்பர் கிருமி நீக்கியதல்ல. அதையும் துடைக்க வேண்டும், பலர் மறப்பது இதைத்தான்.

லைனிலிருந்தும் கையிலிருந்தும் ஒரே நேரத்தில் ஒரே அளவு எடுத்து, லைன் பாட்டில் 2 மணி நேரமோ அதற்கும் மேலோ முந்திக் கிருமியைக் காட்டினால் குற்றவாளி லைன்தான். கிருமி வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடைப் பாட்டிலின் அடியிலுள்ள உணரி பிடிக்கும், பெரும்பாலும் ஒரு நாளுக்குள். நான்கில் ஒரு பாட்டிலில் மட்டும் ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் வந்தால் அது தோலிலிருந்து கலந்ததாகவே இருக்கலாம். ஆபத்தான குடல் கிருமியான கிளெப்சியெல்லா ஒரே பாட்டிலில் வந்தாலும் அலட்சியம் கூடாது.

அந்தக் கிளெப்சியெல்லா, மெரோபெனெம் என்ற வலிமையான ஆன்டிபயாடிக்குக்கும் அடங்கவில்லை என்றால்? 'எதிர்ப்பு' என்ற ஒரு சொல் இங்கே போதாது. கிருமி உண்டாக்கும் கே.பி.சி., ஆக்ஸா-48 என்ற நொதிகள் தம் மையத்திலுள்ள செரீன் அமினோ அமிலத்தால் மருந்தை உடைக்கின்றன; நொதியைத் தடுக்கும் மருந்தான அவிபாக்டம் அதைப் பற்றிக்கொண்டு முடக்கும். அதனால் செஃப்டாசிடிம் என்ற ஆன்டிபயாடிக்கோடு அதைச் சேர்த்த செஃப்டாசிடிம்-அவிபாக்டம் வேலை செய்யும். என்.டி.எம். நொதியோ துத்தநாக அயனியைக் கொண்டு உடைப்பது. அவிபாக்டத்துக்கு அங்கே பிடி இல்லை. அஸ்ட்ரியோனாம் என்ற ஆன்டிபயாடிக்கை என்.டி.எம். உடைக்காது, ஆனால் அதே கிருமியிடம் வழக்கமாக இருக்கும் வேறு பீட்டா-லாக்டமேஸ்கள் (இவ்வகை மருந்துகளை உடைக்கும் நொதிகள்) உடைத்துவிடும். அவற்றை அவிபாக்டம் தடுக்க, அஸ்ட்ரியோனாம் தப்பிக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது இந்தக் கணக்கில்தான். பழைய ஆன்டிபயாடிக்கான கோலிஸ்டின் சிறுநீரகத்தைத் தாக்குவதால் கடைசி வரிசையில் நிற்பதே நல்லது.

பாசிட்டிவான பாட்டிலில் மரபணுப் பரிசோதனை செய்தால் நொதியின் பெயர் ஓரிரு மணி நேரத்தில் தெரியும். ஆனால் பட்டியலில் உள்ள மரபணுக்களைத்தான் அது தேடும். வெளிச்சவ்விலுள்ள துளைகளைக் குறைத்து மருந்தை உள்ளே விடாத கிருமி அதில் தப்பிவிடும் என்பதால், எந்த மருந்துக்குக் கிருமி அடங்குகிறது என்று காட்டும் மருந்துணர்திறன் தட்டையும் கூடவே போட வேண்டும்.