'இரட்டை நடவடிக்கை' அல்ல, ஏற்றுவிசை

மதுரையில் துப்பாக்கி சுடப் பழகுகிறவர்கள் பேச்சிலும் சரி, கைத்துப்பாக்கி பற்றித் தமிழில் வரும் வீடியோக்களிலும் சரி, 'இரட்டை நடவடிக்கை' என்ற சொல் ஓயாமல் காதில் விழுகிறது. டபுள் ஆக்‌ஷன் என்பதன் தமிழாம்; விரலால் ஒரே இழுப்பு இழுத்தால் துப்பாக்கி தயாராகி, சுடவும் செய்கிற முறை அது. இப்போது அச்சிலும் ஏறிவிட்டது: 'இது இரட்டை நடவடிக்கை கொண்ட ரிவால்வர்.' கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தால் எடுப்பது நடவடிக்கை. மனிதரோ அலுவலகமோ எடுக்கிற முடிவுக்கும் அதன்படி செய்கிற வேலைக்கும் உரிய சொல் அது. இரும்பு உறுப்பு இயங்கும் விதத்துக்கு அதை வைத்தால், ஆக்‌ஷன் என்பதற்கு அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளைப் பெயர்த்து ஒட்டியது என்று பார்த்தவுடனே தெரிகிறது.

வேர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி என்பதே துருக்கிய மொழி வழி, இந்துஸ்தானி கடந்து வந்த சொல். சுடுவதற்கு விரலால் இழுக்கிற ட்ரிகர், 'இழு' என்ற பொருளுள்ள டச்சுச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. தமிழில் அதற்கு விசை நிலைத்துவிட்டது, நல்ல சொல்தான். பின்னாலிருந்து பாய்ந்து அடித்துத் தோட்டாவை வெடிக்க வைக்கிற உறுப்புக்கு நம்மவர்கள் வைத்த பெயர் குதிரை. வீணையில் தந்தியைத் தாங்கும் உறுப்புக்கும் இதே பெயர் உண்டு. இத்தனை அழகான சொல் இருக்கும்போது ஆங்கிலத்து ஹாமரைப் பார்த்து 'சுத்தியல்' என்று எழுதுகிறவர்களை என்னவென்று சொல்வது?

சரி, விஷயத்துக்கு வருவோம். சுடுவதற்குக் குதிரையைப் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும், பிறகு விட வேண்டும். அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட 1873ஆம் வருடத்துக் கோல்ட் ரிவால்வரில் முதல் வேலையைக் கட்டைவிரல் செய்யும். விசை குதிரையை விடுவிப்பதோடு சரி. இதுதான் சிங்கிள் ஆக்‌ஷன். அதற்கு முன்பே, 1851இல், லண்டனில் ராபர்ட் ஆடம்ஸ் செய்த ரிவால்வரில் விசையை இழுத்தால் போதும், குதிரை தானே பின்னுக்கு ஏறி, தானே விடுபடும். டபுள் ஆக்‌ஷன் என்று இன்று சொல்வது இந்த வேலைமுறையைத்தான்.

'நடவடிக்கை'யை விட்டுவிட்டு 'இரட்டைச் செயல்' என்று வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு கட்சி உண்டு. செயல் என்ற சொல்லில் எனக்குக் குறையில்லை. 'இரட்டை'தான் உறுத்துகிறது. நம் ஊர்ப்பக்கம் தோட்டக் காவலுக்கு லைசென்ஸ் வாங்கி வைத்திருக்கிற பெரியவர்களுக்கு இரட்டை என்றால் இரட்டைக்குழல். அதில் பெரும்பாலும் விசையும் இரண்டு இருக்கும். அவர்களிடம் போய் இரட்டைச் செயல் என்றால் இரண்டு குண்டு என்றோ இரண்டு விசை என்றோதான் எடுத்துக்கொள்வார்கள். மேலூர்ப் பக்கமிருந்து புதிதாகப் பழக வந்த தம்பி ஒருவர் இந்தச் சொல்லைக் கேட்டதும், "அப்ப ஒவ்வொரு தடவையும் ரெண்டு இழுப்பு இழுக்கணுமாண்ணே?" என்றார். தவறு அவர் மேல் இல்லை. அந்தச் சொல் அப்படித்தான் சொல்கிறது.

இன்னொன்று, எண்ணிக்கையே சரியாக இல்லை. ரிவால்வரில் விசையை இழுக்கும்போது குதிரை ஏறுகிறது, தோட்டா உருளை ஓர் அறை சுழல்கிறது, பிறகு குதிரை விடுபடுகிறது. எண்ணினால் மூன்று வேலை. ஆங்கிலக்காரர் இரண்டு என்று எண்ணிப் பெயர் வைத்தார் என்பதற்காக நாமும் இரண்டு என்றே எண்ண வேண்டுமா? இதே காரணத்தால், சொல்லிப் பார்க்கக்கூடிய 'இருதொழில் விசை' என்பதும் எனக்கு ஒப்பவில்லை. தனித்தமிழ் அன்பர் ஒருவர் 'இருவினை' என்றார். செறிவான சொல்தான், ஆனால் நல்வினை தீவினை இரண்டுக்கும் திருக்குறள் காலத்திலிருந்தே அது உரியதாகிவிட்டது. கோயில் ஊரில் இருந்துகொண்டு அதைத் துப்பாக்கிக்கு இழுக்க வேண்டாம்.

வேலையை எண்ணுவதை விட்டு, எந்த வேலை என்று பெயரிலேயே சொல்லிவிட்டால் குழப்பமே இல்லை. குதிரையை ஏற்றி விடுவது ஏற்றுவிசை. முன்பே ஏறி நிற்கும் குதிரையை விடுவது மட்டும் விடுவிசை. வில்லுக்கு நாண் ஏற்றுகிறோம் என்று சொல்லிப் பழகிய மொழிக்கு இது அந்நியமாக இருக்காது. கருத்தும் நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் மதுரை மதிலின் பொறிகளில் முதலில் வருவது வளைவிற்பொறி. தானே வளைந்து எய்யும் வில் என்று அதற்கு உரை சொல்வார்கள். அந்தத் 'தானே வளைந்து' என்பதில்தான் ஏற்றுவிசையின் பொருள் முழுதும் இருக்கிறது.

துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தச் சொற்களின் பயன் தெரியும். ரிவால்வரின் ஏற்றுவிசையை இழுக்க ஏறக்குறைய 4.5 முதல் 5.5 கிலோ வரை பலம் வேண்டும். அதே ரிவால்வரில் குதிரையைக் கையால் ஏற்றிவிட்டால் 2 கிலோவுக்குள் முடிந்துவிடும். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் விதிப்படி விசையை இழுக்க வேண்டிய குறைந்தபட்ச எடை 500 கிராம், அவ்வளவுதான். அதில் பழகிய கை ஏற்றுவிசைக்கு மாறினால், விசை பாதி தூரம் வருவதற்குள் விரலோடு சேர்ந்து மணிக்கட்டும் இறுகும். குழல் முனையில் இருக்கும் முன்குறி கீழே சாயும். குண்டு தாழப் போகும். இலேசான விசைக்கு விரலின் முதல் கணுச் சதை போதும். கனத்த ஏற்றுவிசைக்குப் பலரும் விரலை இன்னும் உள்ளே செலுத்தி, முதல் மடிப்பை வைத்து இழுக்கிறார்கள். அப்புறம் ஏற்றுவிசை பிடியிலிருந்து தள்ளி முன்னால் நிற்கும். சின்னக் கைக்காரர்கள் வாங்குவதற்கு முன், துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, பிடியை மாற்றாமல் விரல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்க்க வேண்டியது இதற்காகத்தான். வால்தர் பிபிகே மாதிரியான பிஸ்டல்களில் முதல் குண்டு ஏற்றுவிசை; சுட்டதும் குதிரை தானே ஏறி நின்றுவிடுவதால் அடுத்தவை எல்லாம் விடுவிசை. ஒரே துப்பாக்கியில் இரண்டு கனம் என்பது இப்படிச் சொன்னால் உடனே விளங்குகிறது. 'இரட்டை நடவடிக்கை, ஒற்றை நடவடிக்கை' என்று சொன்னால் என்ன விளங்கும்?

மொழிபெயர்ப்பவர்கள் மேல் எனக்குள்ள வருத்தம் இதுதான். பொருளைப் பார்க்காமல் சொல்லை மட்டும் பார்க்கிறார்கள். விசை என்ற சொல்லையும் கவனமில்லாமல் கையாள்கிறார்கள். பாடநூலில் விசை என்றால் ஃபோர்ஸ். அதனால் 'விசையின் விசை 2 கிலோ' என்றெல்லாம் எழுதிவைக்கிறார்கள். இழுப்பு எடை என்றால் முடிந்தது. கிளாக் போன்ற பிஸ்டல்களில் வெளியே குதிரையே கிடையாது. உள்ளே தோட்டாவை அடிக்கும் ஊசி பாதி ஏறிய நிலையில் நிற்கும், மீதியை விசை ஏற்றி விடும். அதை எந்த 'நடவடிக்கை'யில் சேர்ப்பது என்று தெரியாமல் ஆங்கிலச் சொல்லை அப்படியே போட்டுவிட்டுப் போகிறார்கள். அரையேற்று விசை என்று எழுதலாம்.