பெயர் எழுதும் முன் கடல் நுண்ணுயிரின் ஓட்டைக் காப்பாற்றுங்கள்

மண்டபம், பாம்பன், தொண்டி பக்கத்துச் சேற்றை ஆய்வுக்கு எடுக்கும் மாணவர்களின் பட்டியலில் அமோனியா பெக்காரி என்ற பெயர் கிட்டத்தட்ட தவறாமல் இருக்கும். ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிரிகளில் அதுவும் ஒன்று. தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொள்ளும். ஓடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியது. வடகடல் (பாக் விரிகுடா) சேற்றிலும் கழிமுகத்திலும் அமோனியா தாராளமாகக் கிடைக்கும். ஆனால் கிடைப்பதெல்லாம் பெக்காரி இல்லை.

இந்தப் பெயருக்குப் பெரிய கதை உண்டு. 1758-ல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் இதை நாட்டிலஸ் பெக்காரி என்றார். இத்தாலியின் ரிமினி கடற்கரை மணலில் கிடைத்த ஓடு அது. அறை அறையாகச் சுருண்டிருந்ததால் நத்தை, சிப்பி போன்ற மெல்லுடலிகளோடு சேர்த்துவிட்டார்கள். 1835-ல்தான் பிரெஞ்சு உயிரியலாளர் ஃபெலிக்ஸ் துஜார்தன், உள்ளே இருப்பது மெல்லுடலியே அல்ல, மிக எளிய உடல் கொண்ட வேறு உயிர் என்று காட்டினார். பிறகு ரொட்டாலியா, ஸ்ட்ரெப்ளஸ் என்று பேரினம் மாறி மாறி இன்று அமோனியாவில் நிற்கிறது. இனப்பெயருக்குப் பின்னால் லின்னேயஸ் பெயரை அடைப்புக்குறிக்குள் எழுதுவது இந்த இடமாற்றத்துக்கான அடையாளம். பல ஆய்வேடுகளில் அந்த அடைப்புக்குறி காணாமல் போகிறது. சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் இனத்தின் வரலாறே அதில்தான் இருக்கிறது.

ரிமினி ஓடு பெரியது, அறைகள் அதிகம், தொப்புள் பக்கம் (சுருளின் அடிப்பக்கம்) முழுக்கக் குமிழும் முடிச்சுமாக இருக்கும். 1926-ல் அமெரிக்க ஃபோராமினிஃபெரா ஆய்வாளர் குஷ்மன் போர்ட்டோ ரிக்கோவின் சான் உவான் துறைமுகத்திலிருந்து சின்னதாக, வழவழப்பாக, குறைந்த அறைகளோடு இருந்த ஒன்றை டெபிடா என்ற வகையாக விவரித்தார். இன்று அது தனி இனம். நம் சேற்றில் நான் பார்க்கும் ஓடுகளில் பல இந்த இரண்டாவது பக்கம்தான் சாய்கின்றன. அவற்றிலும் எத்தனை இனங்கள் கலந்திருக்கின்றன என்பதை ஓட்டை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஒரே மாதிரித் தெரியும் அமோனியா ஓடுகளுக்குள் பல இனங்கள் இருப்பதை டிஎன்ஏ ஆய்வுகள் காட்டிவிட்டன.

"பெயரை மாத்துனா கடலுக்கு என்ன சார் ஆகப்போகுது?" என்று ஒரு மாணவர் கேட்டார். நியாயமான கேள்வி. கழிவு சேரும் இடத்திலும் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் தாக்குப்பிடிப்பவை என்பதால், கடலோர மாசை அளக்க அமோனியாவை எண்ணுகிறார்கள். இரண்டு மூன்று இனங்களை ஒரே பெயரில் எண்ணினால், எது கூடியது, எது குறைந்தது என்று பத்து வருடம் கழித்து யாராலும் ஒப்பிட முடியாது. மறுவிவரிப்பு இதற்குத்தான். முதலில் பெயர் வைக்க ஆதாரமாக இருந்த மூல மாதிரியையோ, அது கிடைத்த அதே இடத்து ஓடுகளையோ பக்கத்தில் வைத்து, சுருள் பக்கம், தொப்புள் பக்கம், விளிம்பு என்று மூன்று கோணத்திலும் படமெடுத்து, அளந்து, பழைய விவரிப்பில் விட்டுப்போனதையெல்லாம் எழுதுவது. ஓர் ஓட்டை மட்டும் பார்த்து எழுதவே கூடாது. இனப்பெருக்க முறையைப் பொறுத்து ஒரே இனத்தில் முதல் அறை பெரிதாகவும் இருக்கும், சிறிதாகவும் இருக்கும். அந்த இரண்டு வடிவங்களுக்கும் தனித்தனிப் பெயர் வைத்த காலமும் உண்டு.

எனக்கு அதிகக் கவலை தருவது, மாதிரி கெடாமல் இருக்க ஊற்றும் ஃபார்மலின். அமிலத்தை அடக்கும் போராக்ஸ் சேர்க்காமல் வைத்தால் நாள்பட அமிலத்தன்மை ஏறி ஓட்டை அரிக்கும். முதலில் பளபளப்பு போகும். பிறகு நுண்ணிய முடிச்சுகள் மழுங்கும். அறைகளுக்கு நடுவே உள்ள கோடுகள் மங்கி, ஓடு சாக்பீஸ் மாதிரி வெளுத்துவிடும். இனத்தைப் பிரித்துக் காட்டும் அடையாளங்களே இவைதான். முடிச்சுள்ள ஓடு இப்படிக் கரைந்தபின் நுண்ணோக்கியில் பார்ப்பவர் "வழவழப்பான வகை" என்று எழுதிவிடுவார். தென்கடல் (மன்னார் வளைகுடா) பவளப்பாறை மணலில் கிடைக்கும் கால்காரினா என்ற இன்னொரு ஃபோராமினிஃபெராவுக்கும் இதே ஆபத்து. நட்சத்திரம் போன்ற அதன் முட்கள் அலையில் தேய்ந்து கரை ஒதுங்கினால் அடையாளம் மாறித் தெரியும்.

1943-ல் சென்னை அருங்காட்சியகத்தின் வெளியீடாக மன்னார் வளைகுடாவில் உள்ள குருசடைத் தீவின் ஃபோராமினிஃபெரா பற்றி ஞானமுத்து எழுதினார். நம் கடலின் பழைய நிலையைச் சொல்ல அதைப் போன்ற பதிவுகள் பொக்கிஷம். ஆனால் 1964-லும் 1987-லும் லோப்லிக், டப்பன் தம்பதியர் இந்தக் குழுவின் வகைப்பாட்டையே திருத்தி அமைத்துவிட்டார்கள். பழைய பட்டியலை அப்படியே நகலெடுத்து இன்றைய பட்டியலோடு கூட்டிக் கழிப்பதில் பொருளில்லை. படத்தையும் விவரிப்பையும் பார்த்து ஒவ்வொரு பெயராக நேர்செய்ய வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனாலும் யாராவது செய்தே ஆக வேண்டும்.

மாதிரி எடுக்கப் போகிறவர்களுக்கு: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு கைப்பிடி மணல்கூட எடுக்காதீர்கள். எடுத்த சேற்றை 63 மைக்ரான் சல்லடையில் கழுவி எடுங்கள். உயிரோடு இருந்ததா, வெறும் ஓடா என்று தெரிய ரோஸ் பெங்கால் சாயம் ஏற்றியிருந்தால் அதையும் குறியுங்கள். மாதிரியோடு வைக்கும் சீட்டில் அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், மாதம், வடகடலா தென்கடலா, எந்தத் திரவத்தில் வைத்தீர்கள், பெயர் சொன்னது யார் என்பதெல்லாம் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். பட்டம் வாங்கியதும் ஸ்லைடுகளை மேசை இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள். உங்கள் துறை அருங்காட்சியகத்திலோ, சென்னையில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கடல் உயிரியல் மையத்திலோ கேட்டு, பதிவு எண்ணோடு ஒப்படையுங்கள். அந்த எண்ணைக் கட்டுரையிலும் போடுங்கள். உங்கள் பெயரிடலில் சந்தேகம் வருகிறவர் அதே ஓட்டை எடுத்துப் பார்க்க அதுதான் வழி.