சிவந்த இடத்தில் ஒரு விரல்

குடியாத்தத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார். நர்சிங் அசிஸ்டென்ட் பயிற்சியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறதாம். "படுத்த படுக்கையா இருக்கற பேஷண்ட்டை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடணும்னு சொல்லிக் குடுத்தாங்க. ஏன் ரெண்டுன்னு கேட்டேன். புக்ல அப்படித்தான் இருக்குன்னுட்டாங்க. இன்னா சார் கணக்கு இது?"

இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் உண்டு. கணக்குக்குப் பிறகு வருகிறேன். முதலில், திருப்பிப் போடாவிட்டால் என்ன ஆகும்?

படுக்கைப் புண் வரும். அது தெரிந்ததுதான். விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் என்பதும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். படுத்தால் உடம்பின் எடை முதுகு முழுக்கப் பரவிவிடும் என்று தோன்றும். அப்படிப் பரவுவதில்லை. பின்மண்டை, தோள்பட்டை, முழங்கை, முதுகுத்தண்டின் அடி, குதிகால் என்று எலும்பு துருத்தும் சில இடங்கள்தான் பாரத்தை வாங்குகின்றன. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை மாட்டிக்கொள்கிறது. அந்தச் சதைக்குள் ஓடும் மிக மெல்லிய ரத்தக் குழாய்களான தந்துகிகளில் ரத்த அழுத்தம் எவ்வளவு? 1930-இல் யூஜின் லாண்டிஸ் என்ற அமெரிக்க மருத்துவர், நகக்கண்ணில் இருக்கும் தந்துகிக்குள் மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாயைச் செருகி அளந்தார். ரத்தம் நுழையும் முனையில் சராசரியாக 32 மில்லிமீட்டர் பாதரசம், வெளியேறும் முனையில் 12. கையில் பட்டை கட்டி பிரஷர் பார்க்கும்போது வரும் 120-ஐ நினைத்துக்கொண்டால் இது எத்தனை சின்ன எண் என்று தெரியும். ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் இது மாறும். ஆனாலும் கெட்டியான மெத்தை வால் எலும்பின் மேல் கொடுக்கும் அழுத்தம் இதைச் சுலபமாகத் தாண்டிவிடும். தந்துகி நசுங்கி மூடிக்கொள்ளும்.

அப்படியானால் தினமும் ஏழெட்டு மணி நேரம் தூங்கும் நமக்கு ஏன் புண் வருவதில்லை? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது.

கல்யாணப் பந்தியில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்ததும் உங்கள் கணுக்காலைப் பாருங்கள். தரையில் அழுந்திய இடம் ஒரு நொடி வெளுத்திருக்கும். பிறகு சுற்றியுள்ள தோலைவிடச் சிவந்து, சூடாகும். கொஞ்ச நேரத்தில் பழைய நிறம் வந்துவிடும். அடைபட்ட இடத்துக்கு வழக்கமான அளவு ரத்தம் திரும்பினால் போதாதா? ஏன் கூடுதலாகப் பாய்கிறது?

ரத்தம் நின்றாலும் செல்கள் வேலையை நிறுத்துவதில்லை. இருக்கிற ஆக்சிஜனைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். கரியமில வாயு, அடினோசின், பொட்டாசியம் எல்லாம் செல்களுக்கு வெளியே சேரும். ஓடும் ரத்தம் அடித்துக்கொண்டு போகவேண்டிய கழிவுகள் இவை. இப்போது வடிகால் அடைத்த தெரு மாதிரி அங்கேயே தேங்கும். தந்துகிகளுக்கு ரத்தம் கொண்டுவரும் சின்னக் குழாய்களான நுண்தமனிகளின் சுவரில் வளையம் வளையமாகத் தசை இருக்கிறது. இந்தக் கழிவுகள் பட்டால் அந்தத் தசை தளர்ந்துவிடும். அதாவது, தண்ணீர் வராத நேரத்திலேயே மதகு முழுக்கத் திறந்துகொள்கிறது. அழுத்தம் நீங்கிய நொடியில் ரத்தம் வழக்கத்தைவிடப் பல மடங்கு பாய்கிறது. அந்த வேகம் நாளத்தின் உட்சுவரை உரச, உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயை இன்னும் விரிக்கிறது. ரத்தம் அதிக நேரம் அடைபட்டிருந்தால் இந்தச் சிவப்பும் அதிக நேரம் நீடிக்கும். பட்ட கடனுக்குத் தகுந்த மாதிரி அடைக்கும் காலம்.

இதில் மூளையின் உத்தரவு எதுவும் தேவையில்லை என்பதுதான் அழகு. நரம்பு துண்டிக்கப்பட்ட காலிலும் இது நடக்கும். காவேரிப்பாக்கம் ஏரிப் பாசனத்தில் எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று ஆள்தான் முடிவு செய்யவேண்டும். உடம்புக்குள் காய்ந்த பயிரே எழுந்து போய் மதகைத் திறந்துவிடுகிறது!

ஆகவே சிவப்பு என்பது முதலில் நல்ல செய்தி. அந்த இடத்தில் ஒரு விரலை வைத்து மூன்று நொடி அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால், ரத்தம் குழாய்க்குள்தான் இருக்கிறது, தள்ளினால் நகர்கிறது என்று அர்த்தம். அழுத்தியும் வெளுக்கவில்லையா? குழாய்ச் சுவர் பழுதாகி ரத்தம் சதைக்குள் கசிந்துவிட்டது. தோல் கிழியவில்லை, பார்க்க ஒன்றுமில்லை; ஆனால் படுக்கைப் புண்ணின் முதல் நிலை அதுதான். சில நேரம் உள்ளே நிலைமை இன்னும் மோசமாக இருக்கும். பாரம் அதிகமாக விழுவது எலும்பை ஒட்டிய தசையில், ஆக்சிஜன் இல்லாமல் தாக்குப்பிடிக்கும் சக்தி தோலைவிடத் தசைக்குக் குறைவு. வண்டு விழுந்த மாம்பழம் மாதிரிதான். மேலே சின்னப் புள்ளி, வெட்டினால் கொட்டையைச் சுற்றிப் பழுது.

ஒரு சிக்கல் இருக்கிறது. வெளுக்கும், சிவக்கும் என்று எழுதியவர்கள் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதினார்கள். நம் தோலின் மேலடுக்கில் இருக்கும் மெலனின், அதற்குக் கீழே ஓடும் ரத்தத்தை மறைத்துவிடும். மாநிறத்தில் கண்ணுக்குப் பாதிதான் தெரியும், கறுத்த தோலில் அதுவும் தெரியாது. அங்கே கைதான் கண். புறங்கையை வைத்துப் பக்கத்துத் தோலோடு ஒப்பிடுங்கள்: சூடாக இருக்கிறதா, அல்லது சில்லென்று இருக்கிறதா, கெட்டியாகவா, கொழகொழப்பாகவா, தொட்டால் நோயாளி முகம் சுளிக்கிறாரா? இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகும் பாடங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். நம்மூர்த் தோலில் முதல் நிலைப் புண் எப்படி இருக்கும் என்று நல்ல படங்களோடு ஒரு தொகுப்பு செய்ய எத்தனை லட்சம் ஆகிவிடும்? பெரிய ஸ்கேன் மெஷின் திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்ட வருகிறவர்கள் இதற்கு வருவார்களா என்பது வேறு கேள்வி.

நாம் தூக்கத்தில் தப்பிப்பது இன்னொரு காரணத்தாலும்தான். மரத்துப்போகும், வலிக்கும், தூக்கம் கலையாமலே புரண்டு படுப்போம். பக்கவாதத்தில் விழுந்தவருக்கும் முதுகுத்தண்டு முறிந்தவருக்கும் இது இல்லை. வலி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை உலகத்துக்குச் சொன்னதில் நம் ஊருக்குப் பங்கு உண்டு. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரலும் பாதமும் நோயால் தானாக அழுகி விழுகின்றன என்று எல்லோரும் நம்பிய காலம். உணர்ச்சி போனதால் அவர்கள் அறியாமலே படும் காயமும் அழுத்தமும்தான் காரணம் என்று அவர் காட்டினார். பாதத்தின் பாரத்தைப் பரப்பிவிடும் மெத்தென்ற ரப்பர் செருப்பு அந்த வழியில் வந்தது. இன்று நம்மூர்ச் சர்க்கரை நோயாளிகள் கேட்டு வாங்கும் எம்.சி.ஆர். செருப்பு அதுதான். செருப்பில் செய்ததைப் படுக்கையில் செய்வதே ஆல்ஃபா பெட். காற்றறைகள் மாறி மாறி உப்பி, பாரத்தை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் பெட் வாங்கிப் போட்டாயிற்று, இனித் திருப்ப வேண்டாம் என்று நினைப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். எங்கள் வீட்டிலேயே நினைத்தோம். அப்பாவின் குதிகால் அதற்கு விலை கொடுத்தது.

பாரம் மட்டும் எதிரி இல்லை. தலைப்பக்கம் உயர்த்திச் சாய்த்து உட்காரவைத்தால் உடம்பு மெல்லக் கீழே வழுக்கும். தோல் போர்வையில் ஒட்டிக்கொண்டு நிற்கும், எலும்பு மட்டும் நகரும். நடுவில் இருக்கும் ரத்தக் குழாய்கள் இழுபட்டு மடங்கும். அதனால்தான் சாப்பாட்டு நேரம் போக மற்ற நேரத்தில் 30 டிகிரிக்கு மேல் உயர்த்தாதே என்கிறார்கள். அதனால்தான் அக்குளில் கைகொடுத்து மேலே இழுக்காமல், இரண்டு பேர் சேர்ந்து விரிப்போடு தூக்கி நகர்த்தவேண்டும். வேலூர் வெயிலை வேறு சேர்த்துக்கொள்ளுங்கள். தோலின் சூடு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் செல்களின் ஆக்சிஜன் தேவை சுமார் பத்து சதவீதம் ஏறும். ரப்பர் ஷீட்டும் ஈர டயாப்பரும் அதற்கு மேல்.

சிவந்த இடத்தில் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பது, ஸ்பிரிட் தடவிப் பவுடர் கொட்டுவது, சைக்கிள் ட்யூப் மாதிரி வளையத்தில் உட்காரவைப்பது, இந்த மூன்றையும் விட்டுவிடுங்கள். தேய்த்தால் நொந்த குழாய்கள் உடையும். வளையமோ நடுவில் இருக்கும் சதைக்குச் சுற்றிலும் ரத்தத்தை நிறுத்தும். புண் வந்ததும் "காத்து கருப்பு" என்று தாயத்துக் கட்ட ஆள் தேடுகிறவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. கட்டும்போது அவரை ஒரு பக்கமாகத் திருப்பித்தானே ஆகவேண்டும்? அந்த நேரத்தில் முதுகைப் பார்த்துவிடுங்கள்.

இனி, இரண்டு மணி நேரக் கணக்கு. 1959-இல் மைக்கேல் கோசியாக் என்ற அமெரிக்க மருத்துவர் நாய்களை வைத்துச் செய்த சோதனைகளில், அதிக அழுத்தம் கொஞ்ச நேரமும் குறைந்த அழுத்தம் அதிக நேரமும் ஒரே மாதிரி சேதம் செய்வதைக் கண்டார். இரண்டு மணி என்று இயற்கை கோடு எதையும் போடவில்லை. இங்கிலாந்தில் ஒரு வார்டு முழுக்க நோயாளிகளைத் திருப்பி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது, அதுவே விதியாகிவிட்டது என்று ஒரு கதையும் உலவுகிறது. 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவிலும் கனடாவிலும் முதியோர் இல்லங்களில் 942 பேரை இரண்டு, மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று பிரித்துத் திருப்பிப் பார்த்தார்கள். புண் வந்த எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் படுத்திருந்தது அடர்த்தியான ஃபோம் மெத்தையில். நம் வீட்டுத் தென்னைநார் மெத்தைக்கும் கயிற்றுக் கட்டிலுக்கும் அந்த முடிவைத் தூக்கிக் கொடுக்க முடியாது.

ஆகவே, பெண்ணே, புத்தகம் சொன்ன இரண்டு மணியில் தொடங்கு. திருப்பியதும், இவ்வளவு நேரம் அழுந்தியிருந்த இடத்தில் விரலை வைத்துப் பார். அரை மணி கழித்து இன்னொருமுறை பார். சிவப்போ சூடோ அப்போதும் அடங்கவில்லை என்றால், அந்தப் பேஷண்ட்டுக்கு இரண்டு மணி நேரம் அதிகம். சிஸ்டரிடம் சொல்லிவிட்டு ஒன்றரையாகக் குறைத்துக்கொள்.