விட்ட கிளினிக்கைத் திரும்பத் தொடங்கும்போது

2020 கொரோனா ஊரடங்கில், சீனி (நீரிழிவு), பிறஷர் போன்ற நோய்களுக்கான கிளினிக் மருந்துகளைத் தபாலிலும் அனுப்பினார்கள். அப்படிக் கிடைத்தவர்களுக்குக் குளிசை தொடர்ந்தது, இரத்தப் பரிசோதனை நின்றுபோனது. வாகரை, வெல்லாவெளி போன்ற தூரத்து ஊர்களில் பஸ் இல்லாமல் இரண்டையும் விட்டவர்களும் உண்டு.

திரும்பி வருபவர் முதலில் சொல்ல வேண்டியது, எத்தனை நாள் குளிசை போடவில்லை என்பதைத்தான். ஏச்சு விழும் என்று பயந்து “ஒழுங்காப் போட்டன்” என்று சொல்லிவிடுகிறார்கள். போடாததால் ஏறிய சீனியைப் பார்த்து, குளிசை போதவில்லை என்று நினைத்து வைத்தியர் அளவைக் கூட்டுவார். கூட்டியதை வீட்டில் ஒழுங்காகப் போடத் தொடங்கியதும் சீனி இறங்கும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வரும். இரத்தச் சீனி 70 mg/dLக்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

மிச்சக் குளிசைகளைத் தாங்களாகவே பழைய அளவில் தொடங்குவதும் ஆபத்து. பிறஷருக்கான பிரசோசினைச் சில நாள் விட்டவர் முழு அளவில் போட்டால், எழும்பி நிற்கும்போதே பிறஷர் விழுந்து மயங்கலாம். அதைச் சிறிய அளவில், படுக்கப் போகும்போது தொடங்க வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வாபரினை விட்டவர் ஈடுகட்ட இரட்டிப்பாகப் போடக் கூடாது, இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்த்தே அளவை முடிவெடுக்க வேண்டும்.

வெறுவயிற்று இரத்தப் பரிசோதனையன்று நடப்பது பெரும்பாலும் தலைகீழ். சீனிக் குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வரிசையில் நிற்கிறார்கள், பிறஷர் குளிசையை விட்டுவிடுகிறார்கள். செய்ய வேண்டியது மறுபக்கம்: வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால், பிறஷர் குளிசையைத் தண்ணீருடன் போடுங்கள். சீனிக் குளிசையும் இன்சுலினும் இரத்தம் கொடுத்த பிறகு, சாப்பாட்டோடு. சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோவது நல்லது. மட்டக்களப்பிலோ கல்முனையிலோ வரிசை எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது.

திறந்த இன்சுலின் போத்தல் பொதுவாக நான்கு வாரத்துக்குத்தான். ஐஸ் பெட்டியில் உறைந்ததை உருகினாலும் பாவிக்க வேண்டாம். கலங்கலான வகையை உள்ளங்கையில் உருட்டிய பின்னும் கட்டி தெரிந்தால் எறியுங்கள்.

காய்ச்சல், இருமல் உள்ளவர் கிளினிக் வரிசையில் நிற்காமல் முகக்கவசத்துடன் ஓ.பி.டி.க்கு (வெளிநோயாளர் பிரிவுக்கு) போகட்டும். பிள்ளைக்குத் தடுப்பூசி தவறியிருந்தால் வளர்ச்சிப் பதிவேட்டைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். விட்ட இடத்திலிருந்து போடுவார்கள், முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை.